முனகாத விட்டம்

யாட்சுஷிரோ
நவம்பர் 18

அன்புத் தம்பி இசாமுவுக்கு,

பம்பளிமாஸ் மரங்கள் காய்ப் பாரம் தாங்காமல் குனிந்து நிற்கின்றன. கடற்காற்றில் குளிர் ஏறிவிட்டது. கிஃபுவில் மலைக்காற்று இதைவிடப் பொல்லாதது என்று எனக்குத் தெரியும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. உடம்பும் வயிறும் உனக்குச் சொன்னபடி கேட்கின்றனவா?

இங்கே உன் அத்தானுக்கு இடுப்பு அப்படியேதான். துறைமுக வேலைக்கு இனி லாயக்கில்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, படுத்த இடத்திலிருந்தே எனக்குச் சமையல் சொல்லித்தருகிறார். ஆக, இந்த வீட்டில் உலை கொதிப்பது இப்போது என் ஒருத்தி சம்பளத்தில்.

கைபேசியில் எழுது என்று நீயும் சலிக்காமல் சொல்கிறாய். அந்தக் கண்ணாடி என் விரலை மனுஷி விரலாகவே மதிப்பதில்லையடா. கார்பன் தூள் குத்திக் குத்தி நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பத்து முறை தட்டினாலும் அது அசையாது. பேனாவுக்கு அந்தக் கர்வம் கிடையாது.

சங்கதிக்கு வருகிறேன். உங்களைப் போன்ற விமான ஆலைகள் வெட்டிக் கழிக்கும் கார்பன் துணியை மூட்டையாக வாங்கி, உலையில் போட்டுப் பிசினை எரித்து, மிஞ்சுகிற இழையைப் பாயாக அடித்துத் தருவதுதானே எங்கள் பிழைப்பு. இதுவரை எங்கள் பாய் நாற்காலி முதுகுக்கும் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகைக்கும்தான் போயிற்று. குப்பையிலிருந்து வந்தது விமானத்தின் எலும்புக்கு ஆகாது என்பார்கள். இப்போது எலும்புக்கே கேட்டுவிட்டார்கள். சரக்குத் தளத்தைத் தாங்கும் விட்டமாம். அதைச் செய்து உடைத்துப் பார்க்கப்போவது உங்கள் கம்பெனி என்று முதலாளி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விட்டம் தேறினால் இரண்டாவது உலை வரும், தேறாவிட்டால் கோடையோடு கதவைச் சாத்திவிடுவேன் என்று உலைக்கு மேலிருக்கும் சாமி மாடத்தைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். தம்பி அங்கே இருக்கிறானே, எனக்கென்ன கவலை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

கடுகுக்கீரை ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். பாதி உனக்கு, பாதி உன் கூட்டாளி உதகாவாவுக்கு. ஜாடி அம்மாவுடையது, பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.

உன் அக்கா,
மினேகோ

கிஃபு
டிசம்பர் 12

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. நான் நலம். அத்தானை ரொம்ப நேரம் ஒரே பக்கமாகப் படுக்க வேண்டாம் என்று சொல்.

ஊறுகாயில் பாதி என்று நீ எழுதியதை உதகாவா அண்ணன் முக்கால் என்று படித்துவிட்டார். அவர் மனைவிக்கு உப்பு ஆகாது என்பதால் வீட்டில் ஊறுகாயே கிடையாதாம். சோதனைக் கொட்டகையில் உட்கார்ந்து வெறும் சோற்றோடு தின்கிறார். "டேய் இசாமு, உனக்கு அக்கா இருக்குறது தெரிஞ்சிருந்தா உன்னை இன்னும் கொஞ்சம் மரியாதையா நடத்தியிருப்பேன்டா" என்றார்.

விட்டம் விஷயம் உண்மைதான். உங்கள் பாயை அடுக்கி, புதுப் பிசின் விட்டு, சூட்டில் அழுத்தி எடுப்போம். மாதிரித் துண்டுகள் முதலில், முழு விட்டம் ஜூனில். உடைப்பது நானும் அவரும்தான். சொந்தம் என்பதற்காக மெதுவாக உடைக்க முடியாது என்பதை உன் கூட்டாளிகளிடம் சொல்லிவிடு.

இரவல் வந்த ஜாடியைக் காலியாகத் திருப்பக் கூடாது, ஒரு தீப்பெட்டியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அம்மா தலையில் குட்டிச் சொன்னது மறக்கவில்லை. உள்ளே கைக்குப் போடும் க்ரீம் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். நகோயாவில் பெரிய கடையில் வாங்கியது. வெடிப்புக்கு இதைவிட நல்லது இல்லை என்று கடைக்காரப் பெண் சொன்னாள்.

இசாமு

யாட்சுஷிரோ
ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

புது வருஷத்து அரிசி அடைகள் தீர்ந்துவிட்டன, பனி மட்டும் தீரவில்லை. காலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிய ஏடு படிந்திருக்கிறது. நீ இருமல் இல்லாமல் இந்த மாதத்தைத் தாண்ட வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். போன கடிதத்தில் பருவத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நேராக விஷயத்துக்குப் போனாயே, அதைப் பிரித்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. வெயில், மழை, பூ, காற்று எதையும் சொல்லாமல் தொடங்கினால் அது சாவுக் கடிதம் என்று தெரியாதா உனக்கு? துக்கம் சொல்லும்போது மட்டும்தான் பருவம் எழுதமாட்டோம். ஊறுகாய் கிடைத்ததைச் சொல்ல அப்படி எழுதுவாயா? இனிமேல் குறைந்தது குளிர்கிறது என்றாவது எழுது.

இப்போது உன்னைக் கொஞ்சிவிடுகிறேன். அந்த க்ரீம் க்ரீமே அல்ல, தேவாமிர்தம். நாலே நாளில் விரல் புது அரிசி அடை மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. பதினைந்து வருஷமாக நான் என் கையை உன் அத்தானிடம் காட்டவே கூசுவேன். இப்போது அவரே பிடித்துப் பார்த்துவிட்டு, யாருடைய கையைத் திருடிக்கொண்டு வந்தாய் என்கிறார். கிகுயோ என் பக்கத்து மேசைக்காரி, கையில் ரத்தம் கசியக் கசிய வேலை செய்பவள். அவளுக்கும் கொடுத்தேன். இப்போது காலையில் உலைச் சங்கு ஊதுவதற்கு முன் மேசைப் பெண்கள் எல்லோரும் என்னிடம் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிரசாதம் கொடுக்கும் பூசாரியாகிவிட்டேன்.

ஊறுகாய் அடுத்த ஜாடி வருகிறது.

உன் அக்கா,
மினேகோ

கிஃபு
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர்கிறது. (போதுமா?) ஆற்றங்கரையில் ஒரே ஒரு பிளம் மரம் அவசரப்பட்டுப் பூத்துவிட்டு முழிக்கிறது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உன் கை சரியானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சின்ன வயதில் அந்தக் கை எனக்குத் தலை துவட்டியது.

உங்கள் இலையுதிர்காலப் பாயில் செய்த மாதிரித் துண்டுகளை உடைத்துப் பார்த்தோம். நன்றாக இருக்கின்றன. எங்கள் மேலாளர் வாயால் லேசில் பாராட்டு வராது. அவரே சரி என்று தலையை ஆட்டினார்.

உதகாவா அண்ணனின் வித்தை ஒன்றைச் சொல்கிறேன். பெரிய பொருளைச் சோதிக்கும்போது, அது ஆயுளில் தாங்க வேண்டிய மிகப் பெரிய பாரத்தை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்துவோம். அப்போது அவர் தடுப்புச் சங்கிலியைத் தாண்டி உள்ளே போய், ஒரு மரக்கோலின் நுனியை விட்டத்தில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார். கார்பன் பொருள் உடைவதற்கு வெகு முன்பே உள்ளே முனகத் தொடங்கும். முனகாமல் எதுவும் உடைந்ததே இல்லை என்பது அவர் கட்சி. பாரம் ஏறியிருக்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்று புது விதி வந்திருக்கிறது, ஒலி கேட்கும் கருவியும் ஒட்டியிருக்கிறார்கள். "மெஷினுக்குக் கேக்கும், புரியாது" என்கிறார் அவர். மேலாளரே கருவியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் பார்க்கிறார். யாரும் தடுப்பதில்லை.

இசாமு

பின்குறிப்பு: உதகாவா எழுதுகிறேன். அக்கா, உங்கள் தம்பி ஊறுகாயைப் பூட்டி வைக்கிறான். நீதி வேண்டும். ஜூனில் உங்கள் விட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு உங்களுக்கு நானே எழுதுகிறேன்.

யாட்சுஷிரோ
மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

செர்ரி மொட்டுகள் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கின்றன. வெயில் முதுகில் படும்போது உன் அத்தான் வலியை மறந்து தூங்குகிறார். நீ ராத்திரிச் சாப்பாட்டைக் கடையில் வாங்கித் தின்றே காலத்தை ஓட்டுகிறாய் என்று உதகாவா வீட்டம்மா எனக்கு எழுதியிருக்கிறாள். ஆமாம், நாங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறோம். ஊறுகாய்க்கு நன்றி சொல்லி ஆரம்பித்தாள், உன்னைக் கோள் சொல்வதில் வந்து நிற்கிறாள்.

இங்கே வேலை முதுகை ஒடிக்கிறது. விட்டத்துக்கான பாய் எல்லாம் போன வாரத்தோடு அனுப்பியாயிற்று. உலையிலிருந்து வந்த இழையை நாங்கள்தான் கையால் கோதிக் கோதிப் பிரித்தோம். நடுவில் துணியோடு வந்த பிளாஸ்டிக் படலம் கருகிய துணுக்கு கிடந்தால் பொறுக்க வேண்டும். கையுறை போட்டால் துணுக்கு விரலில் தட்டுப்படாது, அதனால் கழற்றி வைத்துவிடுவோம். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். முன்பெல்லாம் வெடித்த கையில் இழை மாட்டிக்கொண்டு உயிர் போகும். இப்போது க்ரீம் தடவிய கையில் வழுக்கிக்கொண்டு போகிறது, பட்டு கோதுவது மாதிரி. இந்தக் குளிர்காலத்துப் பாயைப்போல் சுத்தமாக நாங்கள் செய்ததே இல்லை என்று மேஸ்திரி சொன்னார்.

டப்பா அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று வாங்கி அனுப்புவாயா? காசு கிகுயோ தருவதாகச் சொல்கிறாள், அந்தக் காசை வாங்கிக்கொள்ளாதே.

உன் அக்கா,
மினேகோ

கிஃபு
ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி உதிர்ந்து இளம்பச்சை வந்துவிட்டது. இதமான காலம். உங்கள் இருவர் உடல்நலமும் சிறக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

அந்த க்ரீமை இனிமேல் பயன்படுத்த வேண்டாம். சிலருக்குத் தோலில் தடிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டேன். மிச்சம் இருந்தால் எறிந்துவிடு. மற்றவர்களுக்கும் கொடுக்காதே. வேலைக்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு, மற்ற பெண்களையும் கழுவச் சொல்.

எந்த மாதத்திலிருந்து அதைத் தடவிக்கொண்டு வேலை செய்தீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

வேலை அதிகம். உதகாவா அண்ணன் நலம்.

இசாமு

யாட்சுஷிரோ
மே 6

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைகள் திருநாளுக்கு மீன் கொடிகள் வீட்டுக்கு வீடு பறக்கின்றன. எங்கள் வீட்டில் பறக்கவிடப் பிள்ளையில்லை, பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதம் நகராட்சி ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது.

தடிப்பாவது ஒன்றாவது. எங்களில் ஒருத்திக்கும் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை. இருந்தாலும் நீ சொல்லிவிட்டாயே என்று டப்பாவைக் குப்பையில் போட்டேன். கிகுயோ அதை எடுத்து விரலை விட்டுத் துழாவிவிட்டுத்தான் போட்டாள். நீ கேட்டதற்குப் பதில்: வருஷம் பிறந்ததிலிருந்து மார்ச் வரை, தினமும். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கமாட்டேன், நீ சும்மாதான் என்று சொல்லிவிட்டாய்.

குளிர்கால மாதிரித் துண்டுகள் எப்படி? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. இங்கே எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். முதலாளி இரண்டாவது உலைக்கு இடம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். நாங்கள் அதைத் தாண்டும்போது மிதிக்காமல் தாண்டுகிறோம்.

இந்த ஜாடியை உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை. நேராக உதகாவா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீதி கேட்டாரே மனுஷர்.

உன் அக்கா,
மினேகோ

கிஃபு
ஜூன் 11

அக்கா,

உதகாவா அண்ணன் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை. விட்டத்தைச் சோதிக்கும்போது.

பாரத்தை ஏற்றி நிறுத்தியிருந்தோம். வழக்கம்போல் உள்ளே போய்க் கேட்டார். எங்களைப் பார்த்து, சத்தமே இல்லை என்று கையை ஆட்டினார். அப்போது விட்டம் உடைந்தது. விட்டத்தை இழுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் இரும்புக் கை திரும்பி அவர் மார்பில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நேற்று தகனம். அவர் மனைவியும் நானும் ஒரே எலும்பைக் குச்சியால் சேர்ந்து எடுத்துக் கலசத்தில் போட்டோம். என்னைப் போடச் சொன்னது அந்த அம்மாதான். கூடப் பிறந்தவனுக்குச் சமம் என்று சொன்னார்.

இசாமு

யாட்சுஷிரோ
ஜூன் 16

இசாமு,

கடிதத்தின் முதல் வரியைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. பருவம் இல்லை.

ஒருமுறைகூட முகம் பார்க்காத மனுஷருக்காக இப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது. உன் அத்தான் ஊதுவத்தி ஏற்றிவைத்தார். எங்கள் பாயில் செய்த விட்டம் அவரைக் கொன்றுவிட்டது என்று ஆலையில் யாரும் பேசவில்லை. சுண்ணாம்புக் கோட்டை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள்.

அந்த வீட்டம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ தினமும் ஒரு தடவை போய்ப் பார். நீ சாப்பிட்டாயா என்றும் எழுது.

அக்கா

யாட்சுஷிரோ
ஆகஸ்ட் 2

இசாமுவுக்கு,

சில்வண்டுச் சத்தத்தில் காது அடைக்கிறது. வெயில் கொடுமையில் நலம் விசாரித்து எழுதும் காலம் இது. உன் உடம்பு எப்படி? ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

போன வாரம் விசாரணைக்காரர்கள் இரண்டு பேர் இங்கே வந்தார்கள். தன்மையான மனிதர்கள். உடைந்த இடத்தில் இழைகள் பிசினிலிருந்து சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருக்கின்றனவாம். இழையின் மேல் ஏதோ வழுவழுப்பு இருந்திருக்கிறது, அதனால் பிசின் பிடிக்கவே இல்லை, அதனால்தான் முனகாமலே பிரிந்தது என்றார்கள். உலை எண்ணெய், படலம், தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கடைசியாக எங்கள் மேசைக்கு வந்து, "வேலை நேரத்துல யாராவது கைக்கு ஏதாச்சும் தடவுறதுண்டாம்மா?" என்று கேட்டார்கள்.

கிகுயோ என்னைப் பார்த்தாள். நான், "இல்லீங்க" என்றேன். அப்புறம் வரிசையாக எல்லோரும் இல்லை என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு என்ன பெரிய காரணம் இருக்கப்போகிறது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உன் ஏப்ரல் கடிதம் ஞாபகம் வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தடிப்பு வரும் என்று எழுதினாய். சோப்புப் போட்டுக் கழுவு என்றாய். எந்த மாதம் என்று கேட்டாய். விட்டம் உடைந்தது ஜூனில்.

இசாமு, உனக்குத் தெரியுமா? இல்லை என்று ஒரு வரி எழுது, நான் நம்பிவிடுகிறேன்.

அக்கா

கிஃபு
செப்டம்பர் 9

அக்கா,

தெரியும்.

எங்கள் ஆலையில் பாய் அடுக்கும் அறைக்குள் எந்த க்ரீமும் போகக் கூடாது. அதில் இருக்கும் சிலிக்கோன் என்ற வழுக்குப் பொருள் விரல் நுனியளவு பட்டாலும் பிசின் ஒட்டாது என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். உன் ஆலையில் எல்லாம் இயந்திரம்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கையால் கோதுகிறாயா என்று பதினைந்து வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. உன் மார்ச் கடிதம் வந்த அன்றே டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கடைக்குப் போய்ப் படித்தேன். அதன் பிறகு குளிர்கால மாதிரித் துண்டுகளை உடைத்தோம். எண்கள் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றன. தேறியது என்று எழுத ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டு உடைந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தவன் நான் ஒருவன்தான். இழைகள் வெண்ணெயிலிருந்து உருவிய முடி மாதிரி இருந்தன.

நான் என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? விட்டம் பலவீனமாக இருந்தால் சோதனையில் உடையும். சோதனையில் உடைந்தால் ஒரு பொருள் உடையும், அவ்வளவுதான். உன் பெயர் வராது. அடுத்த முறை சுத்தமான பாயில் செய்யச் சொல்லலாம், உன் ஆலை பிழைத்துக்கொள்ளும். விமானத்துக்குள் போக நான் விட்டிருக்கமாட்டேன், சத்தியமாக. இப்படி நினைத்துக்கொண்டு தினமும் அவரோடு சாப்பிட்டேன்.

அன்றைக்கு அவர் கோலைக் கையில் எடுத்தார். நான், "அண்ணே" என்றேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடா கூப்புடுற" என்று சிரித்துக்கொண்டே சங்கிலியைத் தாண்டினார்.

மேலாளரும் மற்றவர்களும் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னால் ஏன் போகக் கூடாது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

காரணம் தெரியவில்லை என்று முடிக்கப்போகிறார்கள் என்று தெரிகிறது. நீங்கள் எல்லோரும் இல்லை என்று சொன்னது அதற்குப் போதும். நாற்காலி முதுகு வேலையாவது உங்களுக்கு மிஞ்சும். அத்தானை நினைத்துப் பார். நீ ஒன்றும் சொல்லாதே, அக்கா. இது என்னோடு போகட்டும்.

இசாமு

யாட்சுஷிரோ
செப்டம்பர் 23

இசாமு,

இதற்குப் பருவம் எழுதவில்லை.

உன் கடிதம் வந்து நாலு நாள் கழித்து, உதகாவா வீட்டம்மாவிடமிருந்து மே மாதம் அனுப்பிய ஜாடி திரும்பி வந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பொட்டலம் தேயிலை வைத்திருந்தாள். புருஷன் செத்த வீட்டிலிருந்தும் ஜாடி காலியாக வரவில்லை. கூடவே ஒரு கடிதம். கடைசி வாரம் வரை அதிலிருந்துதான் சாப்பிட்டார், உங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லாத நாளில்லை என்று எழுதியிருக்கிறாள். கீழே ஒன்று கேட்டிருக்கிறாள். விதியை மீறி உள்ளே போனதால்தான் செத்தார், அவர் மேல்தான் தப்பு என்று கம்பெனியிலிருந்து வந்து சொன்னார்களாம். மகள் அதைக் கேட்டுவிட்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்காருவதை நிறுத்திவிட்டாளாம். "அவ்வளவு விவரம் கெட்டவரா அவர்? உங்கள் தம்பியிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாள்.

நான் அவளுக்கு என்ன எழுத?

அவர் காதை நம்பித்தானே உள்ளே போனார். அந்தக் காதுக்குக் கேட்காதபடி செய்தது என் கை. நீ கொடுத்த க்ரீம் என்று உன்னைச் சொல்ல மாட்டேன், நீ ஆசையாகக் கொடுத்தாய், நான் ஆசையாகத் தடவினேன். அதில் பாவம் இல்லை. ஆனால் விசாரணைக்காரர் முன்னால் இல்லை என்று சொன்னேன் பார், அது பாவம்.

முந்தாநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவரே விசாரணைக்காரர்களுக்குப் போன் போட்டார். கையுறையைக் கழற்றியது, க்ரீம் தடவியது, மற்றவர்களுக்குக் கொடுத்தது, இல்லை என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். யார் வாங்கித் தந்தது என்று கேட்டார்கள், தம்பி என்றேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உலையை நேற்று அணைத்துவிட்டார்கள். இனி ஏற்ற மாட்டார்கள். கிகுயோ வாசலில் நின்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உன் அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாய் என்று தெரியும். அதுதான் என்னைக் கொல்கிறது. இனிமேல் நீ மூடிக் காப்பாற்ற இங்கே ஒன்றும் மிச்சமில்லை. உலையும் இல்லை, வேலையும் இல்லை. ஆகையால் பயப்படாதே.

உனக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது என் வாயால் வரக் கூடாது. உன் வாயால், அந்த வீட்டில், அவர் மகளும் கேட்கும்படி வர வேண்டும்.

இத்துடன் ஜாடியை அனுப்புகிறேன். நிறைய ஊறுகாய் போட்டிருக்கிறேன். அவளுக்கு உப்பு ஆகாது என்று தெரியும். படத்துக்கு முன்னால் வைக்கட்டும். தபாலில் அனுப்பிவிடாதே, நீயே கையில் எடுத்துக்கொண்டு போ. கதவைத் திறந்ததும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள், "என்னப்பா?" என்று கேட்பாள்.

அவள் புருஷனுக்குச் சொன்ன பதிலை அவளுக்கும் சொல்லிவிட்டு வந்துவிடாதே.

உன் அக்கா,
மினேகோ